வளையலுக்கு இரண்டு விளிம்பு

என் கணவர் ஒரு வேடிக்கையைச் சொல்லத் தொடங்கினால் நான் முகத்தைத் தயாராக வைத்துக்கொள்வேன். கல்யாணமான புதிதில் பழகிய பழக்கம். வாகீசன் கணிதப் பேராசிரியர். அவருடைய வேடிக்கைகளில் பாதிக்கு மேல் எனக்குப் புரியாது, சிரிக்க வேண்டிய இடம் மட்டும் தெரியும். ஆனால் அந்த வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னது எனக்கு முழுக்கப் புரிந்தது. புரிந்தும் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அன்று மத்தியானம் பல்கலைக்கழகத்தில் அவர் தம் புதிய தேற்றத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். மூன்று வருட உழைப்பு அது. பெரிய சஞ்சிகை ஒன்று அதை ஏற்றுக்கொண்ட செய்தி வந்திருந்த நேரம், அதனால் அறை நிறைய ஆட்கள். பேசி முடித்ததும் கவிப்ரியா கையைத் தூக்கியிருக்கிறாள். முனைவர் பட்டம் முடித்துவிட்டு அவரிடம் ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்யும் பெண். ஊரின் வடக்கு ஓரம் செம்பவாங்கில் அம்மாவோடு இருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் என்னை அக்கா என்பாள், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பாள். அவள் எழுந்து, ஒரு வகை விட்டுப்போய்விட்டதோ என்று ஏதோ கேட்டிருக்கிறாள்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா?" என்றார் வாகீசன். "தமிழ்லயே சொல்லிட்டேன். 'கொஞ்சம் யோசிச்சிட்டுக் கையத் தூக்கும்மா'ன்னு. எல்லாரும் முழிச்சாங்க. அப்புறம் இங்கிலீஷ்ல, 'ஒண்ணுமில்ல, மைனஸ் சைனைச் செக் பண்ணச் சொன்னேன்'னேன். ரூமே சிரிச்சிடுச்சு லா!"

அந்த மைனஸ் கதை எனக்கும் தெரியும். அவர்கள் துறையில் ஒரு விளிம்பு எந்தப் பக்கம் வளைகிறது என்பதைக் கூட்டலாகவும் கழித்தலாகவும் எழுதுவார்கள். பாதிப் புத்தகங்கள் உள்ளேயிருந்து பார்த்து எழுதும், மீதி வெளியேயிருந்து. அதனால் வாழ்க்கையில் ஒரு முறையாவது மைனஸைத் தொலைக்காத ஆள் அந்தக் கூட்டத்தில் கிடையாது. பிடிக்காத கேள்வி வந்தால் "உங்க மைனஸ் எங்கே?" என்று கேட்டால் போதும், கேட்டவர் குழம்பி உட்கார்ந்துவிடுவார். கவிப்ரியாவும் போன வருடம் ஒரு கருத்தரங்கில் மைனஸைத் தொலைத்து அவதிப்பட்டவள். அதனால் "ஓ, சாரி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாளாம்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொன்னால்தான் என் வெட்கம் உங்களுக்கு விளங்கும். நான் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் என்ன சொல்கிறாரோ அதையே, உப்பு புளி சேர்க்காமல், ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் வேறொன்று என்று ஒரு நாள் சொன்னால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது. அப்பேர்ப்பட்டவள்தான், அவர் தமிழில் ஒரு பெண்ணைச் சொல்லால் அறைந்துவிட்டு அதை ஆங்கிலத்தில் நகைச்சுவையாக மாற்றிய கதையைக் கேட்டுக்கொண்டு சிரித்தேன். "பாவம் அந்தப் பொண்ணு" என்றும் சொன்னேன், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

அடுத்து வந்த சனிக்கிழமை அஸ்மத் ஃபோன் பண்ணினார். வாகீசனோடு வெளிநாட்டில் ஒன்றாகப் படித்தவர், இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவர். அவர்களிடம் ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது, கவிப்ரியா விண்ணப்பித்திருந்தாள். அவளுடைய ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. செம்பவாங்கிலிருந்து பாலத்தைத் தாண்டினால் ஜொகூர், அம்மாவைத் தனியே விடாமல் தினம் போய் வரலாம். அந்த வேலைக்காக அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் அடுப்படியில் இருந்தேன். வாகீசன் கூடத்தில் நடந்துகொண்டே ஆங்கிலத்தில் பேசியது தெளிவாகக் கேட்டது. நல்ல மூளை, கடும் உழைப்பு, ஆனால் முடிவு சொல்வதில் கொஞ்சம் நிதானம் போதாது, முந்தாநாள்கூட... என்று அந்த மைனஸ் கதையை அவரிடமும் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். தொழில் புத்தி, என் மண்டைக்குள் அது உடனே தமிழாகிவிட்டது. அவசரக்குடுக்கை என்கிறார்.

நான் கூடத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெங்காயத்தை நறுக்கி முடித்தேன்.

ஏப்ரலில் தமிழ் மொழி மாதம் வந்தது. லிட்டில் இந்தியாவில் ஒரு சங்கத்தார் வாகீசனைப் பேசக் கூப்பிட்டார்கள். கணிதத்தைத் தமிழில், பொதுமக்களுக்கு, பிள்ளைகளுக்கும் புரியும்படி. தலைப்பு "விளிம்பு சொல்லும் வடிவம்". மனிதர் சொக்கிப்போனார். தமிழில் பேசிக் கைதட்டல் வாங்குவதில் இவருக்கு ஒரு தனி ஆசை உண்டு. ஆனால் வாயைத் திறந்தால் நான்கு சொல்லில் மூன்று ஆங்கிலம். நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"ஃபார்முலா கூடாது, இங்கிலீஷ் கூடாது. எங்க கோர்ட்டுக்கு வர்ற சாட்சிக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"மனிஃபோல்டுக்கு என்ன சொல்றதாம்?"

"வெளின்னு சொல்லுங்க. அதுக்கு ஒரு ஓரம் இருந்தா விளிம்புன்னு சொல்லுங்க. வானம் இடிஞ்சு விழாது."

இப்படி மல்லுக்கட்டி, அவருடைய தேற்றம் எனக்கே புரிகிற அளவுக்கு வந்தது. ஒரு வெளியை எடுத்துக்கொள்ளுங்கள். அது உள்ளே எங்கேயும் டப்பாவில் அடுக்கி வரும் உருளைக்கிழங்கு சிப்ஸ் மாதிரி ஒரு வாட்டம் மேலேயும் மறு வாட்டம் கீழேயும் வளையக் கூடாது. விளிம்பு ஓரமாக ஓர் எறும்பு நடந்தால் அது நேராகப் போகலாம், உட்பக்கம் திரும்பலாம், வெளிப்பக்கம் மட்டும் திரும்பக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைதான். இவ்வளவு சொன்னாலே அந்த வெளியின் வடிவம் ஏறக்குறைய முடிவாகிவிடுமாம். கிண்ணம் மாதிரி அதற்கு ஒரே ஒரு விளிம்புதான் இருக்க முடியும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதுதான் வளையல். பட்டையான வளையல். ஒரு நீளக் காகிதத்தைச் சுருட்டி முனைகளை ஒட்டினால் வருகிற வடிவம். காகிதம் தட்டை, அதன் ஓரம் நேர்கோடு, சுருட்டினாலும் ஓரத்தில் நடக்கிற எறும்புக்கு அது நேர்வழிதான். நிபந்தனை இரண்டும் சரி, விளிம்போ இரண்டு. இதெல்லாம் பழைய விஷயம், மாணவர்களுக்குக்கூடத் தெரியும். வாகீசன் செய்தது, எடை எங்கும் சீராக இல்லாத, அதாவது ஓரிடம் கனமாகவும் ஓரிடம் லேசாகவும் இருக்கிற வெளிகளை எடுத்துக்கொண்டது. எடை சீரில்லை என்றால் வளையலுக்கு இடமே இல்லை, விளிம்பு ஒன்றேதான் என்று நிரூபித்தார். அதுதான் தேற்றம், சஞ்சிகை ஏற்றுக்கொண்டது அதைத்தான்.

பேச்சுக்கு முந்தின நாள் சனிக்கிழமை, மேசைமேல் காட்ட ஒரு கிண்ணமும் வளையலும் வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். கேம்பல் லேனில் ஒரு வளையல் கடை. சுற்றுலாக்காரர்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு வெறும் பட்டை வளையலைப் பிடித்து விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறொன்று பிடித்துப்போனது. அகலமான பட்டை, சிவப்புக் கல் பதித்தது. கற்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை கோடு கோடாக ஓடின. சில இடத்தில் கோடுகள் நெருக்கம், சில இடத்தில் இடைவெளி.

"இதை எனக்கு வாங்கிக் குடுங்க" என்றேன். பிறகு சும்மா சீண்டினேன். "ஆனா கல்லு வச்சதுனால எடை சீரா இல்ல. உங்க கணக்குப்படி இப்படி ஒரு வளையலே உலகத்துல இருக்கக் கூடாது."

"அது வந்து, எடை வந்து..." என்று சிரித்துக்கொண்டே அதை வாங்கினார். திருப்பினார். ஒரு விரலால் கல்வரிசை ஒன்றின் மேல் விளிம்பிலிருந்து விளிம்புக்குத் தடவினார். பிறகு சுற்றுவாக்கில் தடவினார். சிரிப்பு நின்றுபோனது. மறுபடியும் குறுக்கே, மறுபடியும் சுற்றி. கடைக்கார அம்மா வளையலில் ஏதோ பழுது என்று நினைத்து, "வேற பீஸ் தரட்டா சார்?" என்றார். இவருக்குக் காதில் விழவில்லை.

பக்கத்துக் காப்பிக் கடையில் உட்காரவைத்தேன். முன்னால் வைத்த தே தாரிக் டீ ஆறி ஆடை கட்டும் வரை மேசைமேல் விரலால் குறுக்கும் சுற்றுமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"அவ இதைத்தான் கேட்டா" என்றார் கடைசியில். "எடை சுத்துவட்டத்துல மட்டும் மாறி, இந்த விளிம்புலருந்து அந்த விளிம்புக்குப் போற வழியில மாறாம இருந்தா என்ன ஆகும்னு. இதே வார்த்தை."

"அப்படி இருந்தா?"

"இருக்கும். ரெண்டு விளிம்போட இருக்கும். வளையல் வெறும் சாடைதான், நிஜத்துல இன்னும் ஒரு பரிமாணம் வேணும். ஆனா விஷயம் இதேதான். என் தேற்றம் தப்பு பிரசாந்தி. மைனஸும் இல்ல, ப்ளஸும் இல்ல. அவ யோசிச்சிட்டுத்தான் கையத் தூக்கினா. நான்தான் யோசிக்காம வாயத் தெறந்தேன்."

ஆங்கிலத்தில் அந்த இடத்தை அவர் ஒரு நீண்ட கணக்கால் கடந்துபோயிருக்கிறார். தமிழில், கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு சொல்லும்போது ஒளிய இடம் கிடைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபத்தில் பாதி என்மேல்.

"இப்பவே அஸ்மத்துக்கு ஃபோன் போடுங்க."

"நாளைக்குப் பேச்சு முடியட்டுமே."

நான் வற்புறுத்தவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நாளைக்கு என் அலுவலகத் தோழிகள் வருகிறார்கள், அவருடைய சொந்தக்காரர்கள் வருகிறார்கள், நான் புதுச் சேலைக்கு ரவிக்கை தைத்துவைத்திருக்கிறேன். ஒரு பெண்ணின் வேலையைவிட அன்று அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. கல் வளையலையும் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு எங்களுக்கு முன்னாலேயே கவிப்ரியா வந்திருந்தாள். பிள்ளைகள் செய்து பார்க்கக் காகிதப் பட்டைகள் வெட்டித் தருவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தாள். தரையில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்து, "சேலை அழகா இருக்கு அக்கா" என்றாள். எனக்கு அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

வாகீசன் நன்றாகத்தான் பேசினார். கிண்ணம், எறும்பு, சிப்ஸ் எல்லாம் எடுபட்டது. பிள்ளைகள் காகிதத்தைச் சுருட்டி ஒட்டி, இரண்டு விளிம்பையும் எண்ணிக் கத்தினார்கள். பிறகு அவர் என் கல் வளையலை எடுத்து மேசைமேல் வைத்தார். எழுதி வைத்திருந்த பேச்சில் அது இல்லை.

"எடை சீரில்லாத வெளியில் இப்படி ஒன்று இருக்க முடியாது என்று நான் நிரூபித்ததாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் நேற்று வரை நினைத்தேன். இருக்க முடியும். என் தேற்றம் தவறு. இதை எனக்கு முன்பே எடுத்துச் சொன்னவர் அதோ, கத்தரிக்கோலோடு நிற்கும் கவிப்ரியா. அவர் சொன்னபோது நான் கேட்கவில்லை. பலர் முன்னிலையில் அவரைக் கேலி செய்தேன். வெட்கப்படுகிறேன்."

உடனே கைதட்டல். அதுவரை வராத கைதட்டல். முன்வரிசையில் எழுந்தே நின்றார்கள். சங்கத் தலைவர் இராஜரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். "இதுவன்றோ பெருந்தன்மை! தம் பிழையைத் தாமே அவையில் ஒப்புக்கொள்ளும் இந்த உயர்ந்த உள்ளம் யாருக்கு வரும்?" என்று முழங்கி, பொன்னாடையை விரித்து அவர் தோளில் போர்த்தினார். கேமராக்கள் மின்னின. தப்பு செய்ததற்குப் பொன்னாடை வாங்கிய மனிதரை அன்றுதான் பார்த்தேன். அதைப் போர்த்திக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவருக்கும் கூசியிருக்க வேண்டும். பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, கவிப்ரியாவுக்குப் போர்த்தப் போனார். அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். கூட்டம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டியது. பக்கத்தில் காகிதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு மட்டும் அவள் சொன்னது கேட்டது.

"வேணாம் புரொஃப். அன்னைக்குச் சிரிச்சவங்க ஒருத்தர்கூட இங்க இல்ல."

அவர் பொன்னாடையைக் கையில் பிடித்தபடியே நின்றார். "அஸ்மத்கிட்ட பேசறேன் கவிப்ரியா" என்றார். "இன்னைக்கே பேசறேன். நான் அவர்கிட்ட உன்னைப் பத்தி... அவசரப்படற பொண்ணுன்னு சொல்லிட்டேன்."

அது அவளுக்குத் தெரியாது. அவள் முகத்தில் தெரிந்தது. கத்தரிக்கோலை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமையே மெயில் வந்துடுச்சு" என்றாள். "வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. என் பேப்பர் போதலன்னு நெனச்சேன்."

வெள்ளிக்கிழமை. நாங்கள் கேம்பல் லேனில் வளையல் பொறுக்குவதற்கு முந்தின நாள். அந்த மெயிலைப் படித்துவிட்டும் ஞாயிற்றுக்கிழமை வந்து, பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று தரையில் உட்கார்ந்து காகிதம் வெட்டியிருக்கிறாள்.

"உனக்கு என் மேல கோவம் இருக்கும்" என்றார் வாகீசன்.

"இருக்கு. ஆனா அதவிட, நான் ஏன் சாரி சொன்னேன்னுதான் இருக்கு. நான் கேட்டது சரின்னு எனக்குத் தெரியும் புரொஃப். தெரிஞ்சும் சாரி சொல்லிட்டு உக்காந்தேன். அன்னையிலருந்து கண்ணாடியப் பாக்கவே பிடிக்கல." ஒரு பிள்ளை வந்து ஒட்டுநாடா கேட்டது. குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

அவர் வாசலுக்குப் போய் அஸ்மத்துக்கு ஃபோன் போட்டார். வேலை கொடுத்தாயிற்று, ஒன்றும் செய்வதற்கில்லை என்று அஸ்மத் சொன்னது, சாலை இரைச்சலையும் மீறிப் பின்னால் நின்ற எனக்கே கேட்டது. வாகீசன் ஃபோனை வைத்துவிட்டு நடைபாதையில் பொன்னாடையை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி மடித்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் சஞ்சிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அதோடு தீர்ந்தது என்று அவர் நினைத்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். ஆனால் அவரே, "வியாழக்கிழமை லீவ் போடு, நீ வரணும்" என்றார். நான் எதற்கு என்று கேட்டேன். "மொழிபெயர்ப்பு சரியா இருக்கான்னு பாக்க" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அதே அறை, அதே ஆட்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கவிப்ரியா ஜன்னலோரம் இருந்தாள். அன்றைய பேச்சாளர் முடித்ததும் வாகீசன் கையைத் தூக்கி, ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு முன்னால் போனார். பிழையைப் பலகையில் எழுதிக் காட்டினார். கண்டுபிடித்தவர் யார் என்று சொன்னார். பிறகு ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னார், நான் இங்கே வார்த்தைக்கு வார்த்தை தருகிறேன்: "அன்று நான் தமிழில் சொன்னதை உங்களுக்குத் தவறாக மொழிபெயர்த்தேன். கழித்தல் குறியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. யோசித்துவிட்டுக் கையைத் தூக்கு என்று சொன்னேன். அவர் யோசித்திருந்தார். நீங்கள் எதற்குச் சிரித்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்."

ஒருவரும் கைதட்டவில்லை. சிலர் மேசையைப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கேள்வி உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார்கள். கவிப்ரியா கையைத் தூக்கினாள். வளையலை விதிவிலக்காக ஏற்றுக்கொண்டால் மிச்சத் தேற்றம் நிற்கும், அதற்கு நிரூபணம் தன்னிடம் இருக்கிறது, எழுதிக் காட்டலாமா என்றாள். வாகீசன் சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது, தலை குனிந்தே இருந்தது. ஜொகூர் வேலை மட்டும் இதனால் திரும்பி வரப்போவதில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

முடிந்ததும் லிஃப்ட் முன்னால் அவளும் நானும் மட்டும் நின்றோம். அவள் விரலெல்லாம் சாக்பீஸ் தூள். நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு வீட்டுக்கு வந்து உங்ககிட்ட இதைச் சொல்லியிருப்பாருல்ல?"

"சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நீதிமன்றத்தில் சாட்சி தயங்கினால் நான் காத்திருப்பேன். சாட்சிக்குப் பதிலாக நான் எதையும் சொல்லக் கூடாது, எதையும் நல்லதாக மாற்றக் கூடாது. 'பாவம் அந்தப் பொண்ணு' என்று சொன்னேனே, அது வாய் வரை வந்தது. அதையும் விழுங்கினேன்.

"சிரிச்சேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கைக்குட்டையை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். லிஃப்ட் வந்தது. "நான் படியில இறங்கிக்கறேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.